எட்டுப் பேர், ஒரு பூங்கா, ஒரு சென்டிமீட்டர்

நான் லிஃப்ட் மெக்கானிக். இருபத்திரண்டு வருடமாக இதே வேலை. யார் வீட்டுக்குப் போனாலும் அந்தக் கட்டடத்து லிஃப்ட் கதவு எத்தனை வினாடியில் மூடுகிறது என்று எண்ணிக்கொண்டு நிற்பேன். மனைவிக்கு இது பழகிவிட்டது. பிள்ளைகளுக்குத்தான் இன்னும் வெட்கமாக இருக்கிறது.

போன மாதம் குடும்பத்தோடு ஒரு பெரிய பொழுதுபோக்குப் பூங்காவுக்குப் போய்வந்தோம். அம்மா, நான், மனைவி, பதினாலு வயதுப் பையன், ஏழு வயதுப் பெண், தங்கை, மாப்பிள்ளை, அவர்களுடைய நாலு வயது வாண்டு. மொத்தம் எட்டுப் பேர். பூங்காவின் பெயரைச் சொல்லப்போவதில்லை. குறை சொல்லும் இடங்கள் வருகின்றன, அதனால் அது அப்படியே இருக்கட்டும். தீர்ப்பை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மெஷின்களுக்கு நல்ல மார்க். வரிசையை நடத்திய விதத்துக்கு ஏதோ பாஸ் மார்க். வரிசைக்கு வெளியே உட்கார்ந்திருந்தவர்களை அவர்கள் கவனித்த விதத்துக்கு ஃபெயில்.

திட்டமெல்லாம் நான்தான் போட்டேன். இரண்டு வாரம் முன்பே ஒரு நோட்டில் ரைடுகளின் பெயரை எழுதி, எது முதலில், எது அப்புறம் என்று அம்புக்குறி போட்டு வைத்திருந்தேன். வாரநாளாகப் பார்த்து லீவு எடுத்தேன். அது மட்டும் முழுக்கச் சரியாக வந்தது. மற்றபடி அந்த நோட்டை இப்போது புரட்டினால் சிரிப்பு வருகிறது. ஏனென்றால், யார் எதில் ஏறுவார்கள் என்று எழுதியிருந்தேனே தவிர, ஏறாதவர்கள் அந்த நேரத்தில் என்ன செய்வார்கள் என்று ஒரு வரிகூட எழுதவில்லை. எட்டுப் பேரில் பெரிய ரைடுகளில் ஏறக்கூடியவர்கள் நாலே பேர். அம்மாவுக்கு முழங்கால் வலி. தங்கைக்கு உயரம் என்றால் ஆகாது. சின்னதுகள் இரண்டையும் உயரக் குச்சி விடாது. ஆக, பாதிக் குடும்பம் நாள் முழுக்கக் காத்திருக்கப் போகிறது என்பது கிளம்பும் முன்பே தெரிந்திருக்க வேண்டிய கணக்கு.

சரி, காலையிலிருந்து வருகிறேன்.

கேட் திறக்க இருபது நிமிடம் முன்பே போய் நின்றோம். திறந்ததும் உள்ளே பாய்ந்த கூட்டம் எங்கே போனது தெரியுமா? வாசலுக்கு நேர் எதிரே இருந்த முதல் ரைடுக்கு. கண்ணில் பட்டதில் ஏறுவது மனித இயல்பு. பத்தே நிமிடத்தில் அங்கே வரிசை வளைந்து வெளியே வந்துவிட்டது. நாங்கள் ஒன்றையும் பார்க்காமல் பூங்காவின் கடைசி மூலைக்கு நடந்தோம். அங்கே ரோலர் கோஸ்டர். நடக்கப் பன்னிரண்டு நிமிடம் ஆனது. அம்மா, "எதுக்குடா எல்லாத்தையும் தாண்டி ஓடுறே?" என்று கேட்டுக்கொண்டேதான் வந்தார்.

அந்த ஓட்டத்தில் ஒன்றைத் தவறவிட்டேன். வாசலுக்கு உள்ளே இடது பக்கம் ஒரு சின்னக் கூண்டு. குழந்தைகளின் உயரத்தை அளந்து, அதற்கேற்ற நிறத்தில் கைப்பட்டை கட்டிவிடுகிறார்கள். எங்களுக்கு முன் மூன்று குடும்பம்தான் நின்றது. "அப்புறம் பார்த்துக்கலாம், முதலில் கோஸ்டர்" என்று நான்தான் சொன்னேன். இது பிற்பாடு என்னைத் துரத்தியது.

கோஸ்டர் வாசலில் மின்பலகை 60 நிமிடக் காத்திருப்பு என்று காட்டியது. பையன் முகம் தொங்கிவிட்டது. நான் பலகையை நம்புவதில்லை. வரிசையின் நீளத்தைப் பார்ப்பதிலும் பயனில்லை. பார்க்க வேண்டியது இரண்டே விஷயம்: ஒரு ரயிலில் எத்தனை சீட், எத்தனை நிமிடத்துக்கு ஒரு ரயில் கிளம்புகிறது. அங்கே ரயிலுக்கு 24 சீட். கைக்கடிகாரத்தைப் பார்த்தேன், ஒன்றரை நிமிடத்துக்கு ஒன்று கிளம்பியது. அப்படியென்றால் மணிக்கு 960 பேர். கம்பி வளைவுகளில் நின்றவர்களைத் தோராயமாக எண்ணினால் எங்களுக்கு முன்னால் நானூறு பேர். 25 நிமிடம் என்று பையனிடம் சொன்னேன். 27 நிமிடத்தில் சீட்டில் உட்கார்ந்தோம். அன்று முழுக்க அவன் என்னை மதித்த ஒரே தருணம் அதுதான்.

இதே கோஸ்டரைப் பிற்பகலில் மறுபடி கடந்தபோது வரிசை காலையைவிடச் சின்னதாகத் தெரிந்தது. பையன் துள்ளினான். ஆனால் ஒரு ரயில்தான் ஓடிக்கொண்டிருந்தது. இன்னொன்றைப் பக்கத்துத் தண்டவாளத்தில் ஒதுக்கி நிறுத்தியிருந்தார்கள். மூன்று நிமிடத்துக்கு ஒன்று. அதே கூட்டத்துக்கு இரண்டு மடங்கு நேரம். வேண்டாம் என்று இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன். எந்தப் பூங்காவுக்குப் போனாலும் இதை மட்டும் கவனியுங்கள், எத்தனை ரயில் ஓடுகிறது என்று. கோஸ்டர் பாதை பல துண்டுகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். ஒரு துண்டில் ஒரு ரயில் இருக்கும்வரை அடுத்த ரயிலை உள்ளே விடாது கட்டுப்பாட்டு கம்ப்யூட்டர். அதனால்தான் சில சமயம் ரயில் மேட்டின் உச்சியில் நின்றுவிடும். முன்னால் போனது இன்னும் இடத்தைக் காலி செய்யவில்லை என்று அர்த்தம். கீழே நிற்பவர்கள் "மாட்டிக்கிச்சு, மாட்டிக்கிச்சு" என்று கத்துவார்கள். மாட்டவில்லை. அது செய்ய வேண்டிய வேலையைச் செய்கிறது.

கோஸ்டரைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லாமல் விட முடியாது. சங்கிலி ரயிலை மேலே இழுக்கும்போது 'கடகட கடகட' என்று ஒரு சத்தம் வரும். பக்கத்துச் சீட்டுக்காரர் அதைக் கேட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். எனக்கு அது தாலாட்டு மாதிரி. ரயிலுக்கு அடியில் இருக்கும் கொக்கி, பாதையில் இருக்கும் பல் வரிசையில் ஒவ்வொன்றாக விழுகிற சத்தம் அது. சங்கிலி அறுந்தால்கூட ரயில் பின்னால் உருள முடியாது. எங்கள் தொழிலின் ஆதி மூலமும் இதுதான். 1854ல் நியூயார்க் கண்காட்சியில், விழாத லிஃப்டைக் கண்டுபிடித்த எலிஷா ஓடிஸ் மேடை லிஃப்டில் நின்றுகொண்டு, தன்னைத் தாங்கும் கயிற்றை எல்லாரும் பார்க்க வெட்டச் சொன்னார். மேடை விழவில்லை, பக்கவாட்டுப் பற்களில் கவ்வி நின்றது. இன்றைய லிஃப்டில் வேலை செய்வதும் அதே யோசனைதான்.

1884ல் நியூயார்க்கின் கோனி தீவில் லாமார்கஸ் தாம்சன் என்பவர் ஓட்டிய கோஸ்டர் மணிக்குப் பத்து கிலோமீட்டர் வேகம்தான் போனது. சைக்கிளே அதைத் தாண்டிவிடும். இன்றைக்கு ரயில் தலைகீழாகப் போயும் பாதையை விட்டு விலகாததற்குக் காரணம், சக்கரங்கள் தண்டவாளத்தை மேலேயும் பக்கத்திலும் கீழேயும் மூன்று பக்கமாகப் பிடித்திருப்பது. கீழ்ச் சக்கரத்துக்கு ஜான் மில்லர் என்ற அமெரிக்க கோஸ்டர் வடிவமைப்பாளர் 1919ல் காப்புரிமை வாங்கினார். வரிசையில் நிற்கும்போது ரயிலின் அடியை எட்டிப் பார்த்தால் தெரியும். பையனுக்குக் காட்டினேன். "அப்பா, எல்லாரும் பார்க்கிறாங்க" என்றான்.

எந்த வரிசைச் சீட் என்பதிலும் யோசிக்க இருக்கிறது. முன் சீட்டில் காற்றும் காட்சியும். கடைசிச் சீட்டில்தான் வயிற்றைப் பிடுங்குகிற உணர்வு. முன்பகுதி ஏற்கெனவே இறங்கத் தொடங்கிவிடுவதால், அதன் எடை கடைசிப் பெட்டியை உச்சியிலிருந்து வெடுக்கென்று இழுத்துக்கொண்டு போகும். பையன் கடைசி வரிசை கேட்டான். நான் நடு வரிசை கேட்டேன். கடைசி வரிசையில் உட்கார்ந்தோம். வளையத்தில் சுழலும்போது கழுத்து நோகவில்லை என்பதைக் குறித்துக்கொண்டேன். அந்தக் காலத்தில் வளையத்தை முழு வட்டமாகக் கட்டி, ஏறியவர்களின் கழுத்தைப் பதம் பார்த்தார்கள். 1976ல்தான் வெர்னர் ஸ்டெங்கல் என்ற ஜெர்மன் இன்ஜினியர் கணக்குப் போட்ட கண்ணீர்த்துளி வடிவ வளையம் அமெரிக்காவில் ஒரு பூங்காவில் ஓடியது. ரயில் வேகமாக நுழையும் அடிப்பகுதியில் வளைவு விரிவாகவும், வேகம் குறையும் உச்சியில் இறுக்கமாகவும் இருக்கும். நல்ல ஆசாரியின் வேலை.

கீழே இறங்கினால் அம்மாவைக் காணோம்.

தேடிப் பார்த்தால், ஒரு செடித் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். ஒரு சாண் அகலம் இருக்கும். முழங்கால் மடங்காமல் காலை நேராக நீட்டிக்கொண்டு, வெயிலுக்கு முந்தானையைத் தலையில் போட்டிருந்தார். பக்கத்தில் தங்கை, மடியில் வாண்டு, தரையில் என் பெண். அந்தக் கோஸ்டரைச் சுற்றி ஒரு பெஞ்ச் கிடையாது. அப்புறம் நாள் முழுக்க என் கண் ரோப்பையும் பிரேக்கையும் விட்டுவிட்டு பெஞ்சைத்தான் தேடியது. பெரிய ரைடு ஒவ்வொன்றின் வாசலிலும் நினைவுப் பொருள் கடை இருந்தது. இறங்கினால் கடை வழியாகத்தான் வெளியே வர வேண்டும், அதை ரொம்பக் கச்சிதமாகக் கட்டியிருக்கிறார்கள். ஏறாமல் காத்திருக்கும் பாட்டி உட்கார நிழலில் ஒரு பலகை போட அவர்களுக்கு மனம் வரவில்லை. ஏறுகிற நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தவர்களும் அதே டிக்கெட் வாங்கித்தான் உள்ளே வந்திருக்கிறார்கள்.

இன்னொன்று. வாசலிலேயே சக்கர நாற்காலி வாடகைக்குக் கிடைக்கிறது. இது எனக்கு மாலை ஐந்து மணிக்குத்தான் தெரிந்தது, அதுவும் இன்னொரு குடும்பம் ஒரு பெரியவரைத் தள்ளிக்கொண்டு போனதைப் பார்த்துக் கேட்டபோது. நடக்கக்கூடியவர்களுக்கும் இது வேண்டும். ஒரு நாளில் பத்து கிலோமீட்டருக்குக் குறையாமல் நடந்தோம் என்று மாப்பிள்ளையின் போன் சொன்னது. வயதானவர்களோடு போகிறவர்கள் வாசலிலேயே வாய்விட்டுக் கேளுங்கள். அவர்களாகச் சொல்ல மாட்டார்கள்.

மாறி மாறி ஏறும் வசதியையும் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. அம்மா அப்பா இருவருக்கும் ஏற ஆசை, குழந்தையை யாராவது பார்த்துக்கொள்ள வேண்டும் என்றால், ஒருவர் வரிசையில் நின்று ஏறிவிட்டு வந்ததும் மற்றவர் வரிசையில் நிற்காமல் நேராக ஏறலாம். பல பூங்காக்களில் இது உண்டு. நான் ரயிலை விட்டு இறங்கியதும் என் மனைவி அப்படித்தான் ஏறினாள். இறங்கி வந்தபோது தலைமுடி நட்டுக்கொண்டு நிற்க, "இன்னொரு தடவை போலாமாங்க?" என்றாள். பதினாறு வருடக் குடும்ப வாழ்க்கையில் இவளுக்கு இது பிடிக்கும் என்று எனக்குத் தெரியாது.

தனியாள் வரிசை என்று ஒன்றும் இருந்தது. ரயிலில் ஒற்றைச் சீட் காலியானால் அதை நிரப்புவதற்கு. பக்கத்தில் உட்கார வேண்டும் என்ற பிடிவாதம் இல்லாவிட்டால் பாதி நேரத்தில் ஏறிவிடலாம். அப்பாவோடு ஒட்டிக்கொண்டு உட்கார விரும்பாத பதினாலு வயதுக்காரனுக்கு இது வரப்பிரசாதம்.

கூடுதல் காசு கொடுத்து வரிசையைத் தாண்டும் டிக்கெட் வாங்கலாமா? நாங்கள் வாங்கவில்லை. டிஸ்னி 1999ல் நேரம் குறித்துத் திரும்பி வரும் சீட்டைக் கொண்டுவந்தபோது அது எல்லாருக்கும் இலவசம். இப்போது பெரும்பாலான இடங்களில் அது தனி வியாபாரம். ஒரு கதவைக் காசு கொடுத்தவருக்குத் திறந்தால், மற்றக் கதவில் நிற்பவருக்குத்தான் நேரம் கூடும். மெஷின் மணிக்கு ஏற்றும் ஆள் எண்ணிக்கை ஒன்றுதானே? கூட்டம் நெரிகிற விடுமுறை நாளில், ஒரே நாள்தான் கையில் இருக்கிறது என்றால் வாங்குவதில் நியாயம் உண்டு. வாரநாளில் வீண்.

அடுத்து கொலம்பஸ். கப்பல் மாதிரி ஆடுமே, அது. மாப்பிள்ளை நல்ல மனிதர், ஆனால் கேட்க மாட்டார். "நடுவில் உட்காருங்க மாப்பிள்ளை, ஆட்டம் குறைவு" என்று சொன்னேன். ஊஞ்சலில் அச்சிலிருந்து தள்ளி இருப்பவர்தான் அதிகம் ஏறி இறங்குவார். அவர் நேராகக் கோடி வரிசைக்குப் போனார், அதுவும் சாப்பிட்டு முடித்த அரை மணியில். உள்காது ஒன்றைச் சொல்லும், கண் வேறொன்றைச் சொல்லும், இரண்டும் ஒத்துப்போகாதபோதுதான் குமட்டல். தூரத்தில் அசையாமல் இருக்கும் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தால் கொஞ்சம் சமாளிக்கலாம். மாப்பிள்ளை தன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார், வீடியோ எடுக்கிறாராம். மீதியை எழுத வேண்டாம் என்று தங்கை கேட்டுக்கொண்டிருக்கிறாள். சுற்றுகிற, ஆடுகிற ரைடுகளைச் சாப்பாட்டுக்கு முன்னால் முடித்துவிடுங்கள். சாப்பாட்டையும் எல்லாரும் சாப்பிடும் நேரத்தில் சாப்பிடாதீர்கள். நாங்கள் பதினொன்றரைக்கே உட்கார்ந்தோம், மேசை காலியாகக் கிடந்தது. ஒரு மணிக்கு அதே இடத்தில் தட்டை ஏந்திக்கொண்டு குடும்பம் குடும்பமாக நின்றார்கள். அந்த ஒரு மணி நேரம் ரைடுகளில் வரிசை இளைத்துவிடும்.

தண்ணீர்ப் பகுதியில் அதிக நேரம் இருக்கவில்லை. அலைக்குளம் சுத்தமாக இருந்தது, பத்து அடிக்கு ஒரு காவலர் நின்று தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார், போன் கையில் இல்லை. அதற்கு முழு மார்க். மூக்கில் ஏறும் குளோரின் நெடி அடித்தால் சுத்தம் என்று பலர் நினைக்கிறார்கள். நேர்மாறு. குளோரின் வியர்வையோடும் சிறுநீரோடும் சேரும்போது உண்டாகும் பொருளின் நெடிதான் அது. இங்கே காலையில் நெடி இல்லை, மூன்று மணிக்கு லேசாக இருந்தது. குளித்துவிட்டு இறங்கச் சொல்லும் பலகையைப் பத்துப் பேரில் இரண்டு பேர் மதித்தால் அதிகம். தரை கொதித்தது, செருப்பு லாக்கரில் மாட்டிக்கொண்டது. பெண்ணை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

இப்போது அந்த உயரக் கதை.

என் பெண்ணுக்கு அன்றைக்கு ஒரே ஒரு ஆசைதான். சங்கிலி ஊஞ்சல் ராட்டினம். உயரமான கம்பத்தைச் சுற்றி சங்கிலியில் தொங்கும் நாற்காலிகள், சுற்றச் சுற்ற வெளியே விரியும். அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டு பறக்க வேண்டுமாம். அண்ணனும் ஒப்புக்கொண்டிருந்தான், இது எங்கள் வீட்டில் சாதாரண விஷயமல்ல. 120 சென்டிமீட்டர் உயரம் வேண்டும். கிளம்புவதற்கு முன் காலை ஐந்தரைக்கு, தூக்கக் கலக்கத்தில் அவளைக் கதவு நிலையோடு ஒட்டி நிறுத்தி, தலைமேல் அட்டையை வைத்துப் பென்சிலால் கோடு போட்டேன். 120. சரியாகக் கோட்டின் மேல். அவள் குதித்துக் குதித்து வீட்டையே எழுப்பிவிட்டாள்.

வரிசையில் நாற்பது நிமிடம். நிற்கும்போது பிள்ளைகளுக்கு ஒரு கதை சொன்னேன், கதையல்ல, நிஜம். இந்த ராட்டினத்தில் குண்டானவர், ஒல்லியானவர் எல்லாருடைய நாற்காலியும் ஒரே அளவுக்குத்தான் சாயும். எடை கூடினால் கீழே இழுக்கும் விசையும் கூடும், வெளியே தள்ளுவது போல் தோன்றும் விசையும் அதே அளவில் கூடும், இரண்டும் ஈடாகிவிடும். "பாரு, அந்தப் பெரிய மாமாவும் பக்கத்துலே அந்தப் பையனும்." பார்த்தாள். இரண்டு சங்கிலியும் ஒரே சாய்வில் பறந்தன. "அப்போ நானும் அண்ணனும் ஒரே மாதிரி பறப்போமா?" "ஆமாம்டா."

வாயிலில் ஒரு பெண் ஊழியர், கையில் அளவுக் குச்சி. இருபது வயது இருக்கும். பெண்ணை ஷூவைக் கழற்றச் சொல்லி நிறுத்தினார். குச்சியின் குறுக்குக் கம்பி அவள் தலைக்கு மேலே, முடியைத் தொடாமல் நின்றது. நடுவில் ஒரு விரல் நுழையும் இடைவெளி. ஒரு சென்டிமீட்டர் இருக்கும்.

"காலையிலே வீட்டிலே அளந்தோம், சரியா 120" என்று ஆரம்பித்தேன். அந்தப் பெண் என்னிடம் பேசவில்லை. முட்டி போட்டுக் குனிந்து, என் பெண்ணின் கண்ணுக்கு நேராக வந்து, "பாப்பா, இன்னும் ஒரு விரல் வளரணும். வளர்ந்ததும் நானே முதல் ஆளா ஏத்திவிடறேன், சரியா?" என்றார். என் பெண் தலையாட்டினாள். உதடு மட்டும் துடித்தது.

எனக்கு வாக்குவாதம் செய்யத்தான் தோன்றியது. ஒரு சென்டிமீட்டர்! நாற்பது நிமிட வரிசை! வாயைத் திறந்தவன் மூடிக்கொண்டேன். லிஃப்டில் ஓவர்லோட் மணி அடிக்கும்போது "குழந்தைதானேங்க, கதவை மூடுங்க" என்று சொல்லும் ஆட்களை இருபத்திரண்டு வருடமாகத் திட்டிக்கொண்டிருக்கிறேன். இங்கே அந்த ஆள் நான். தடுப்புக் கம்பியும் சீட்டும் ஒரு குறிப்பிட்ட உடம்பளவை வைத்துத்தான் செய்யப்படுகின்றன. அதற்குக் குறைந்த குழந்தை கம்பிக்கு அடியில் நழுவிவிடலாம். கோட்டை எங்கோ ஓர் இடத்தில் போட்டுத்தான் ஆக வேண்டும். போட்ட பிறகு வளைக்கக் கூடாது. இந்தப் பூங்காவில் நான் மனதாரப் பாராட்டும் முதல் ஆள் அந்தப் பெண்தான். குச்சியைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்து உள்ளே விட்டிருந்தால் அன்றைக்குச் சந்தோஷப்பட்டிருப்பேன், அப்புறம் அந்தப் பூங்காப் பக்கமே போயிருக்க மாட்டேன்.

அண்ணன்காரன் ஏறவில்லை. "எனக்கும் வேண்டாம், போர்" என்று சொல்லிவிட்டு அவள் ஷூ லேஸைக் கட்டிவிட்டான். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

விழும் கோபுரம்தான் அன்றைய பெரிய எரிச்சல். மேலே தூக்கிக்கொண்டு போய்ப் பொத்தென்று விடுவார்கள். முப்பது மீட்டர் தடையில்லாமல் விழ இரண்டரை வினாடி ஆகும். அந்த இரண்டரை வினாடிக்காக நானும் பையனும் ஐம்பது நிமிடம் நின்றோம். எங்களுக்கு முன்னால் பன்னிரண்டு பேர் இருக்கும்போது மெஷின் நின்றுவிட்டது. நின்றதில் எனக்குக் குறையே இல்லை. ஏதோ ஒரு சென்சார் சந்தேகப்பட்டால் மொத்தத்தையும் நிறுத்துவதுதான் ஒழுங்கான மெஷினின் லட்சணம். லிஃப்ட் கதவு சென்சாரில் தூசி படிந்தால் அது நகராது, ஆட்கள் எனக்குப் போன் போட்டுத் திட்டுவார்கள். நகராமல் இருந்ததற்கு அவர்கள் நன்றி சொல்ல வேண்டும்.

குறை என்னவென்றால், முப்பத்தைந்து நிமிடம் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மேலே யாரும் இல்லை, நல்ல வேளை. வரிசையில் நூறு பேர். ஒலிபெருக்கி இருக்கிறது, அதில் பாட்டு ஓடிக்கொண்டிருக்கிறது. இரண்டு டெக்னீஷியன்கள் வந்தார்கள், பெட்டியைத் திறந்தார்கள், போனார்கள், வந்தார்கள். கேட்ட ஊழியர் தோளைக் குலுக்கினார். எங்கள் வேலையில் முதல் பாடம் இது: லிஃப்டில் ஆள் மாட்டியிருந்தால் ஸ்பேனரை எடுப்பதற்கு முன்னால் இன்டர்காமை எடு. "வந்துட்டேங்க, இருபது நிமிஷம் ஆகும்" என்று சொன்னால் போதும், உள்ளே இருப்பவர் இருபது நிமிடம் பொறுமையாக இருப்பார். சொல்லாவிட்டால் ஐந்தாவது நிமிடத்தில் கதவை உதைப்பார். லிஃப்ட் வாசலில் கண்ணாடி மாட்டுவது எதற்கு? தலை வாரிக்கொண்டே நின்றால் காத்திருப்பது தெரியாது. காத்திருக்கிற மனிதனைப் பற்றி எங்கள் தொழில் கற்றுக்கொண்டதில் காலணா அளவைக்கூட இந்தப் பூங்கா கற்கவில்லை. பாதிப் பேர் கிளம்பிப் போய்விட்டார்கள். நாங்கள் நின்று ஏறினோம்.

ஏறியதற்கு வருத்தமில்லை. கீழே வரும்போது வேகத்தை அடக்குவது காந்தம். நாற்காலியில் நிலைக்காந்தம், கோபுரத்தில் செம்புத் தகடு. காந்தம் வேகமாகத் தகட்டைக் கடக்கும்போது அதில் மின்னோட்டம் உண்டாகி, அதுவே எதிர்த்துத் தள்ளும். எவ்வளவு வேகமாக விழுகிறாயோ அவ்வளவு பலமாகத் தடுக்கும். கரண்ட் போனாலும் வேலை செய்யும். ஒன்றோடொன்று உரசுவதே இல்லை, தேய்மானமும் இல்லை. இதை யோசித்தவன் கையைப் பிடித்துக் குலுக்க வேண்டும் போலிருந்தது. பையனிடம் இதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன், அந்த நொடியில் கொக்கி விட்டுவிட்டது. வெளியே எடுத்து விற்கும் போட்டோவில் என் வாய் அகலமாகத் திறந்திருக்கிறது. பயத்தில் அலறியதாகத்தான் எல்லாரும் சொல்கிறார்கள்.

மோதும் கார்கள் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. வாண்டு தன் அப்பாவை ஆறு தடவை சுவரில் மோதவிட்டான், நாலு நிமிடம் முடிந்தது.

மாலை ஐந்தரைக்கு அம்மா முதல்முறையாக ஒன்றைக் கேட்டார். "அந்தப் பெரிய ராட்டினத்திலே நான் ஏறலாமாடா?" மூடிய அறையும் உள்ளே உட்காரப் பலகையும் இருக்கும் ராட்சத ராட்டினம். பார்த்ததும் நான் வயிற்றில் கைவைத்தேன், முழங்காலை எப்படி உயர்த்தி ஏறுவார் என்று. அங்கே இருந்த பெரியவர் அம்மாவைப் பார்த்ததுமே, நாங்கள் கேட்காமலே, ராட்டினத்தை முழுதாக நிறுத்தினார். சாதாரணமாக அது நகர்ந்துகொண்டே இருக்கும், நகரும்போதே ஏறிக்கொள்ள வேண்டும். சின்னப் படி ஒன்றைக் கொண்டுவந்து வைத்து, "மெதுவா ஏறுங்கம்மா, அவசரமே இல்லை" என்றார். இந்த மனிதருக்கும் மனதாரப் பாராட்டு.

எட்டுப் பேரும் ஒரே அறையில் ஏறினோம். அன்று எட்டுப் பேரும் சேர்ந்து ஏறிய ஒரே ரைடு அதுதான். உயரம் ஆகாத தங்கைகூட வந்து, கண்ணை மூடிக்கொண்டு என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். நான் வழக்கம்போல ஆரம்பித்தேன்: "அம்மா, இதோட மூதாதை 1893ல் சிகாகோ கண்காட்சியிலே ஃபெர்ரிஸ்னு ஒருத்தர் கட்டினது. 80 மீட்டர் உயரம். 36 அறை, ஒரு அறையிலே 60 பேர் ஏறலாம்." அம்மா, "அறுபது பேருக்கும் உட்கார இடம் இருந்துச்சாடா?" என்று கேட்டார். இந்தப் பூங்காவுக்கு இதைவிடச் சுருக்கமான விமர்சனத்தை யாராலும் எழுத முடியாது.

உச்சியில் ஒரு நிமிடம் நின்றது. காலையில் நடந்த வழி முழுக்கக் கீழே தெரிந்தது, செடித் தொட்டி உட்பட. என் நோட்டை எடுத்துப் பார்த்தேன். இருபத்தொரு ரைடு எழுதியிருந்தேன். ஆனது ஒன்பது.

மறுமுறை போனால் நான் செய்யப்போவது மாறிவிட்டது. வாசலில் முதல் வேலை சக்கர நாற்காலி, இரண்டாவது வேலை உயரக் கூண்டு. ஏறாதவர்களுக்கு நிழலும் பலகையும் உள்ள ஓர் இடத்தை வரைபடத்தில் முதலிலேயே குறித்துக்கொண்டு, அங்கிருந்து ஐந்து நிமிடத் தூரத்துக்குள் இருக்கும் ரைடுகளில் மட்டும் மற்றவர்கள் போய்வருவது. காலையில் பிள்ளைகளை அன்றைய உடுப்போடு ஒரு போட்டோ எடுத்து வைப்பது. ஒரு குடும்பம் தொலைந்த குழந்தையின் சட்டை நிறத்தைப் பற்றித் தங்களுக்குள் சண்டை போட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். குழந்தை அடுத்த நிமிடமே கிடைத்துவிட்டது, சட்டை இருவர் சொன்ன நிறமும் இல்லை.

கைப்பட்டை விஷயத்தை இங்கே முடிக்கிறேன். வீட்டுக்கு வந்ததும் ராத்திரி பத்து மணிக்கு, தூங்கி வழிகிற பெண்ணை மறுபடி கதவு நிலையில் நிறுத்தி அளந்தேன். 119. என் கோடு தப்போ, டேப் தப்போ என்று இரண்டு டேப்பில் அளந்தேன். 119தான். மறுநாள் காலை எழுந்ததும் அவளே வந்து நின்றாள். 120. நாள் முழுக்க நின்று நடப்பதில் முதுகெலும்பு வட்டுகள் அமுங்கி உயரம் கொஞ்சம் குறையும், தூங்கி எழுந்தால் திரும்பிவிடும். காலையிலேயே கூண்டில் அளந்து பட்டை கட்டியிருந்தால், அந்தப் பட்டை பிற்பகலிலும் செல்லும். கூண்டு வாசலில் மூன்று குடும்பம்தான் நின்றது.

இப்போது கதவு நிலையில் மூன்று பென்சில் கோடுகள் இருக்கின்றன, பக்கத்தில் நேரம் எழுதியிருக்கிறேன். தினமும் காலையில் பல் தேய்க்கும் முன்னால் அவள் முதுகை ஒட்டி நின்று என்னைக் கூப்பிடுகிறாள். பூங்கா அடுத்த விடுமுறைக்குத்தான். அதற்குள் ராத்திரிக் கோடும் 120ஐத் தாண்டிவிடும் என்று அண்ணன் கணக்குப் போட்டுச் சொல்லியிருக்கிறான்.